வெற்று சிடியும் வடசேரி கண்டக்டரும்

லண்டனிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில்தான் மகளுக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தது. ஏழு வயது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வாந்தி எடுத்ததும் தெளிந்து விளையாடப் போய்விடுவாள். நடை மட்டும் கொஞ்சம் தள்ளாடும். அம்மா பித்தம் என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாமி கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். தக்கலையில் ஒரு குழந்தை மருத்துவர், குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். கருவியை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். கண் நரம்பு வீங்கியிருக்கிறது, இன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இதே அறிகுறிகளைப் பெற்றோரும் டாக்டர்களும் கவனிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2011-இல் ஹெட்ஸ்மார்ட் என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கி, அட்டை அச்சிட்டுக் கொடுத்தார்கள். தக்கலை டாக்டருக்கு அட்டை தேவைப்படவில்லை.

இவையெல்லாம் நல்லபடியாக நடந்தவை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு சிடியைப் பற்றி.

சிறுமூளையில் கட்டி. மூளை நீர் ஓடும் அறைகளில் ஒன்றான நான்காவது வென்ட்ரிக்கிளை அடைத்துக்கொண்டு நின்றதால் மூளைக்குள் நீர் வடிய வழியில்லாமல் தேங்கியிருந்தது. தலை, நெஞ்சு என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் திருவனந்தபுரத்துக்கு வண்டியைத் திருப்புவார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. நோயாளிகள் இன்னும் சேரவில்லை. நாங்களும் போனோம். அட்மிஷன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தன. எம்.ஆர்.ஐ. எடுத்த நாகர்கோவில் ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடியை அறுவை சிகிச்சை நிபுணர் கம்ப்யூட்டரில் போட்டார். ஒன்றும் வரவில்லை. வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார். சிடியின் மேல் மகளின் பெயர், வயது, தேதி எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தன. உள்ளே எதையும் பதிவு செய்யவே இல்லை.

“பிலிம் இருக்கிறதே டாக்டர்?” என்றேன். பிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள்தான் இருக்குமாம். மருந்து ஏற்றி எடுத்த படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தால்தான் கட்டி மூளைத்தண்டோடு ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று தெரியுமாம். புதிதாக எடுக்கலாம், ஆனால் குழந்தைக்கு மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும், மெஷினுக்கு வரிசையும் இருக்கிறது. “நாளைக் காலைக்குள் சிடி வந்தால் நல்லது” என்றார்.

நாகர்கோவில் ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். “சிடி கொடுத்துவிட்டோமே சார்” என்றது ஒரு பெண் குரல். அது வெறும் சிடி என்றேன். “மேலே பெயர் போட்டிருக்குமே சார்.” பெயர் இருக்கிறது அம்மா, படம்தான் இல்லை. படங்களை நெட்டில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அப்படி வழக்கமில்லையாம். நோயாளியோ வீட்டாரோ பழைய ரசீதோடு நேரில் வர வேண்டுமாம், சிடி போடுகிற பையன் டீ குடிக்கப் போயிருக்கிறானாம். பிள்ளையின் மூளைக்குள் பார்க்கிற கோடி ரூபாய் மெஷின் இருக்கிறது. பார்த்ததை எழுபது கிலோமீட்டர் தள்ளி அனுப்ப டீக்கடையிலிருந்து ஒருவன் திரும்பி வர வேண்டும்! லண்டனில் ஒரு மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனை இன்னொரு மருத்துவமனை தன் திரையிலேயே திறந்து பார்த்துக்கொள்ளும், நோயாளி கையில் எதையும் சுமக்க வேண்டியதில்லை என்று அந்தப் பெண்ணிடம் ஆத்திரத்தில் பாடமே நடத்தினேன். “அப்படியா சார்” என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

ரசீது நல்லவேளையாக வீட்டில் இருந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே படங்களை ஓட விட்டுப் பார்த்து, இரண்டு சிடி வாங்கினான். இரண்டாவதற்குத் தனிக் கட்டணம். அதற்கு மட்டும் கம்ப்யூட்டர் உடனே ரசீது அடித்தது.

அவனுக்கு அன்று இரவு டூட்டி. அதனால் பழைய வழக்கப்படி வடசேரி பஸ் நிலையத்துக்குப் போனான். நான் திருவனந்தபுரத்தில் படித்த காலத்தில் அம்மா எங்கள் ஊர் மட்டி வாழைப்பழமும் இட்லிப்பொடியும் அப்படித்தான் கொடுத்து விடுவாள். கண்டக்டரிடம் வண்டி நம்பரைக் கேட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹாஸ்டலுக்குச் சொல்வாள், நான் தம்பானூர் பஸ் நிலையத்தில் போய் நிற்பேன். இப்போதெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் இரண்டு பஸ்ஸிலும் வாங்கவில்லை. விதி இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது கண்டக்டர் வயதானவர். “என்ன மக்களே, சாமான் எல்லாம் ஏற்றக் கூடாது தெரியுமா?” என்றாராம். குழந்தை, தலையில் ஆபரேஷன் என்று தம்பி சொன்னதும் ஒன்றும் பேசாமல், காலண்டர் அட்டைக்குள் வைத்து நூல் சுற்றியிருந்த சிடியை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கூடக் கொடுத்த மட்டிச் சீப்பு டிரைவர் பக்கத்தில் தொங்கியது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அல்லவா, முன்சீட் கிடைத்தது.

வார்டில் பிள்ளையோடு ஒருவர்தான் இருக்கலாம். மனைவி உள்ளே. லண்டனில் மயக்கம் கொடுக்கும் அறைவரை தாயோ தகப்பனோ கூடப் போகலாம். இங்கே தகப்பனுக்கு வராந்தா, அதுவும் செக்யூரிட்டி கண்ணில் படாதவரை. எனக்கென்று இருந்த ஒரே வேலை அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது. அழகியமண்டபம் தாண்டியாயிற்று என்று கண்டக்டரே போன் செய்தார். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வண்டி நகரவில்லை என்று அடுத்த போன். களியக்காவிளையில் இன்னொன்று, நெய்யாற்றின்கரையில் இன்னொன்று. லண்டனில் கூரியர் வண்டி எங்கே வருகிறது என்று திரையில் ஒரு புள்ளி காட்டும். எந்தப் புள்ளியும் என்னிடம் “பிள்ளை சாப்பிட்டதா சார்?” என்று கேட்டதில்லை.

சாப்பிட்டாள். வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிட்டிருந்தது.

தம்பானூரில் இறங்கியவர் அட்டையை என் கையில் கொடுத்து, பிரித்துப் பார்க்கச் சொன்னார். சட்டைப் பையில் பணம் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். சீப்பிலிருந்து நான்கு பழம் பிய்த்துக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் பெயரைக் கேட்கும்முன் பஸ் பின்னால் நகர ஆரம்பித்து, விசில் ஊதப் போய்விட்டார்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மெதுவாக வளரும் கட்டி, முதல் கிரேடு, முழுதாக எடுத்தாயிற்று. கதிர்வீச்சோ கீமோவோ வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்கேன் சென்டரில் சிடியைக் கையில் வாங்கியதும் நகராதீர்கள். அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடுத்த ஸ்கேன் லண்டனில். ஒப்பிட்டுப் பார்க்க இந்தியப் படங்கள் வேண்டும் என்று அங்குள்ள மருத்துவமனையின் செயலாளர் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுப் படங்களை அவர்கள் கம்ப்யூட்டரால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாதாம். தயவுசெய்து சிடியைத் தபாலில் அனுப்பவும் என்று இருக்கிறது. நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது.