இரண்டு பேப்பர் வாங்கிய வீட்டில் இப்போது ஒன்று

பல வருஷமாகக் காலையில் இரண்டு தமிழ்ப் பேப்பர் வாங்கிப் படித்தவன் நான். மாலைப் பேப்பர் டீக்கடை உபயம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்தடை அறிவிப்பு, கோர்ட் தீர்ப்பு, அணை நீர்மட்டம், கண்ணீர் அஞ்சலி இதிலெல்லாம் பேப்பர் இன்னும் கெட்டிதான். மேட்டூர் இன்று எத்தனை அடி என்று தெரிந்துகொள்ள வாட்ஸ்அப்பை நம்புகிறவர் எங்கள் தெருவில் கிடையாது.

வம்பு க்ரைம் செய்தியில் ஆரம்பிக்கிறது. கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரில் ஒரு கேள்விக்குறி இருக்கும், உள்ளே பதில் இருக்காது. எந்தக் கொலையானாலும் விசாரணை தொடங்கும் முன்பே ‘கள்ளக்காதல்’ வந்துவிடும். போலீஸ் சொன்னது அப்படியே அச்சாகும். கைதானவர் போட்டோ முதல் பக்கத்தில் வரும். அதே ஆள் கோர்ட்டில் விடுதலையானால்? தேடித்தான் பார்க்க வேண்டும்.

தேர்தல் நேரம் இன்னும் மோசம். 2009 தேர்தல்களில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட விவகாரத்தை பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு 2010-ல் விசாரித்து எழுதியது. கவுன்சில் முதலில் அதைச் சுருக்கித்தான் வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வர அடுத்த வருஷம் ஆனது. அந்த 2011-லேயே, இப்படிப்பட்ட செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரைத் தேர்தல் ஆணையம் தகுதிநீக்கம் செய்தது. அதிலிருந்து தேர்தல் மாதத்தில் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வேட்பாளரைப் புகழும் செய்தி இரண்டிலும் ஒரே வாசகத்தில், ஒரே படத்தோடு வந்தால் அதை விளம்பரக் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

மஞ்சள் பத்திரிகை நமக்குப் புதிதில்லை. ‘இந்துநேசன்’ நடத்திய லட்சுமிகாந்தன் 1944-ல் கத்திக்குத்தில் இறந்தார்; அந்த வழக்கில் சிறை போன சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947-ல்தான் விடுதலையானார்கள். ஆனால் இந்துநேசன் வாங்கியவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும். இன்று ஒரே பேப்பரில் மூன்றாம் பக்கம் வெள்ளை, நான்காம் பக்கம் மஞ்சள். எது எது என்று நாமே பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2006-ல் வாசகர்களின் புகாரைக் கேட்பதற்கென்றே ஒருவரை நியமித்தது. நான் வாங்கிய பேப்பர்களில் அப்படி யாரும் இல்லை. ஒன்றில் மட்டும் எப்போதாவது உள்பக்க மூலையில் ‘திருத்தம்’ என்று பொடி எழுத்தில் வரும். அதை வைத்துக்கொண்டேன். தப்பே செய்யாத மாதிரி நடந்துகொண்ட இன்னொன்றை நிறுத்திவிட்டேன். பேப்பர் போடும் தம்பி ஏன் என்று கேட்டான். விலை ஏறிவிட்டது என்று சொல்லி வைத்தேன்.