முப்பது வயதைத் தொடும் மோட்டார்ஹோம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிதான் மோட்டார்ஹோம். பழையது ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பதைத்தான். காருக்கு அது சரியான கேள்வி. மோட்டார்ஹோமுக்கு அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது, மழைத் தண்ணீர் எங்காவது உள்ளே இறங்கியிருக்கிறதா என்று. அடுத்தது, உள்ளே இருக்கும் அலமாரி, இருக்கை, விளக்கெல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கின்றனவா, இல்லை யாராவது பிடுங்கிப் போட்டுவிட்டு மாற்றிவிட்டார்களா என்று. இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கிற வண்டிதான் நாளைக்குக் கிளாசிக் ஆகும். பல வருடம் ஒன்றை வைத்து ஓட்டியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது.

என்னுடையது 1990களின் நடுவில் வந்த பி 544, ஹைமர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மாடல். அடியில் இருப்பது 1994ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை ஃபியட் டுகாட்டோ, 2.5 லிட்டர் டர்போ டீசல். வேனின் முன்பகுதியை அப்படியே வைத்துப் பின்னால் பெட்டி கட்டிய ரகம் இல்லை. முன்கண்ணாடியிலிருந்து பின்சுவர் வரை ஒரே கூடு. டிரைவர் சீட்டுக்கு மேலே கூரையோடு ஒட்டி ஒரு இரட்டைக் கட்டில் இருக்கிறது. இரவில் கையால் இழுத்தால் இறங்கும், காலையில் தள்ளினால் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். மெத்தை விரிப்பைக்கூட எடுக்க வேண்டாம். இவ்வளவு குட்டையான வண்டியில் நான்கு பேர் படுக்க முடிவது இந்த ஒரு யோசனையால்தான். இன்று வரும் புது வண்டிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன், இடத்தை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தியவை குறைவு.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எனக்குக் கவலையே தந்ததில்லை. சோஃபிம் 8140 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்ப எஞ்சின்கள் ஐவெக்கோ டெய்லியிலும் ரெனோ மாஸ்டரிலும் ஓடின. அதனால் பாகம் கிடைக்கிறது, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார். டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்வது. டைமிங் பெல்ட்டை மட்டும் கிலோமீட்டரைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியிலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏற்றத்தில் வேகம் குறையும், லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும். சமதளத்தில் மணிக்கு 90 கிலோமீட்டரில் வைத்தால் நாள் முழுக்க நிம்மதியாக ஓடும். முன்சக்கர இழுவை என்பதால் ஈரப்புல்லில் நிறுத்தினால் முன்சக்கரம் வழுக்கும், பின்னால் பாரம் அதிகம் என்றால் இன்னும் மோசம். புல்வெளியில் நிறுத்தும்போது, கிளம்பும் வழி இறக்கமாக அமையும்படி பார்த்துக்கொள்கிறேன்.

இனி தண்ணீர்.

அந்தக் காலத்து மோட்டார்ஹோம் பலவற்றின் சுவரில் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் தெர்மாகோல் மாதிரி ஒரு நுரை, அதைத் தாங்க மரச்சட்டம் என்று இருக்கும். ஹைமர் இந்த விஷயத்தில் முன்னோடி. சுவருக்குள் மரச்சட்டமே வேண்டாம் என்று அலுமினியத்துக்கு உள்ளே பாலியூரித்தேன் நுரையை நிரப்பும் முறைக்குப் போனார்கள். விமானப் பொறியாளரான எரிக் பாஹெமும் எர்வின் ஹைமரும் சேர்ந்து 1957ல் காரின் பின்னால் இழுத்துப் போகும் தங்களுடைய முதல் கேரவனை உருவாக்கினார்கள். எடை குறைய வேண்டும், உறுதி குறையக் கூடாது என்ற விமானக்காரர் புத்தி இந்தச் சுவரிலும் எனக்குத் தெரிகிறது. ஆனால் எந்த முறையில் கட்டியிருந்தாலும் கூரையும் சுவரும் சேரும் மூலை, ஜன்னல் ஓரம், கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பு, விளக்குக்குப் போட்ட துளை எல்லாவற்றையும் இடைவெளியை அடைக்கும் சீலண்ட் பசைதான் காத்து நிற்கிறது. அதற்கு ஆயுள் உண்டு. வருடங்கள் போகப் போக இறுகிவிடும். வண்டி ஓடும்போது உடல் லேசாக முறுகும், இறுகிய சீலண்ட் அதோடு வளைந்து கொடுக்காது. முடி அளவுக்கு இடைவெளி விழுந்தால் போதும், தண்ணீர் நுழைந்துவிடும். நுழைந்த இடத்திலேயே சொட்டினால் கண்ணில் பட்டுவிடும். அது சொட்டாது. சுவருக்குள்ளேயே இறங்கி, எங்கோ அலமாரிக்குப் பின்னால் வருடக்கணக்கில் தங்கிவிடும்.

என் வண்டியில் அது நடந்தது சோலார் பேனல் வழியாக. எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் கூரையில் திருகாணி இறக்கிப் பேனலைப் பொருத்தி, மேலே சிலிக்கானைப் பூசி விட்டிருக்கிறார்கள். அலமாரியின் மேல்மூலையில் ஈரப்பத மீட்டரை வைத்தால் மற்ற இடங்களைவிட எண் கூடுதலாகக் காட்டியது. பொதுவாக 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். 30க்கு மேலே போனால் பலகை மெத்தென்று ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு 20ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

பேனலை எடுத்தோம். அதோடு நிறுத்தாமல் கூரை ஓரப் பட்டைகளையும் கழற்றினேன். பட்டையின் நடுவே ஓடும் பிளாஸ்டிக் மூடியை உருவினால் வரிசையாகத் திருகாணிகள். வெயில் படும் பக்கம் பளிச்சென்று இருந்தன, மற்றப் பக்கத்தில் நாலைந்து தலைகளில் துரு. துருப்பிடித்த திருகாணிக்கு அடியில் பழைய பியூட்டைல் (ரப்பர் போல மெத்தென்று இருக்க வேண்டிய சீலண்ட்) கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழாத அளவுக்கு இறுகியிருந்தது. ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து மெல்லச் சூடாக்கி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட வேண்டும், இரும்புத் தகடு அலுமினியத்தைக் கீறிவிடும். பியூட்டைலாவது சுருண்டு வரும், சிலிக்கான் வராது. அதன் மெல்லிய படலம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மேலே வேறெதுவும் பிடிக்காது. வேலையில் பாதி நேரம் அந்தப் படலத்துக்கே போனது. பிறகு புது பியூட்டைல் நாடாவை வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஓரத்தில் சமமாகப் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சில நாள் கழித்து இன்னொரு முறை இறுக்கி, பிதுங்கியதை வெட்டி எடுத்தேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியூரித்தேன் பசை பியூட்டைலைவிடப் பலமானது என்பதால் எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். ஆனால் அந்தப் பலம்தான் பின்னால் தொல்லை. மறுபடி கழற்ற வேண்டி வந்தால் பாகம் உடைந்துதான் வரும். ஜன்னல், விளக்கு, ஓரப்பட்டை போல இன்னொரு நாள் கழற்ற வேண்டிய எதற்கும் பியூட்டைல்தான் சரி. புதுப் பேனலைத் துளை போடாமல் தாங்கிகளை ஒட்டித்தான் பொருத்தியிருக்கிறேன், அங்கே மட்டும் பலமான பசை. அலமாரி மூலை இப்போது மற்ற சுவரைப் போலவே உலர்ந்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும், அதே இடங்களில் மீட்டரை வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துவிடுகிறேன். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் விஷயத்தைச் சொல்லும்.

அப்புறம் பாகங்கள். எஞ்சின் பாகம் கிடைக்காமல் வண்டி நிற்கும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் கிடைக்காமல் போவது வீட்டுப் பக்கத்துச் சாமான்கள்தான். அலமாரிக் கதவின் அழுத்து பூட்டு, குளியலறைக் கதவின் பிளாஸ்டிக் கைப்பிடி, ஜன்னல் தாழ்ப்பாள், பின்விளக்கைச் சுற்றிய சட்டம். லட்சக்கணக்கில் ஓடிய வேனுக்குப் பம்ப் செய்ய ஆள் இருக்கிறார்கள். ஒரு மாடலுக்கு மட்டும் வந்த கைப்பிடிக்கு யார் அச்சு வைத்திருப்பார்கள்? பழைய வண்டியைப் பிரித்து விற்பவர்களிடம் எப்போது போனாலும் இந்தச் சின்னச் சாமான்களை வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். உடைந்த பூட்டு ஒன்றின் அளவை எடுத்து முப்பரிமாண அச்சில் செய்து வாங்கியதும் நன்றாகவே உழைக்கிறது.

ஜன்னல்கள் கண்ணாடி இல்லை, இரட்டை அடுக்கு அக்ரிலிக். ஸ்பிரிட், தின்னர் எதுவும் அதில் படக் கூடாது, நுண்ணிய விரிசல் வலையாகப் பரவிவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

உள்ளே வாழ்வது எப்படி? என் மட்டில் சுகமாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் உறிஞ்சல் முறையில், அதாவது வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் முறையில் ஓடுவது. 1922ல் ஸ்வீடன் மாணவர்கள் பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்டுபிடித்த அதே தத்துவம். கம்ப்ரசர் கிடையாது, சத்தமே கிடையாது. கேஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும். கேஸில் ஏற்ற, குமிழைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பொறி பொத்தானைத் தட்ட வேண்டும். சின்ன ஓட்டை வழியே நீலச் சுடர் தெரிந்ததும் உடனே விட்டுவிடக் கூடாது. வெப்ப உணரி சூடேறும் வரை கொஞ்ச நேரம் பிடித்திருந்தால்தான் சுடர் நிற்கும். வண்டி சாய்ந்து நின்றால் உள்ளே திரவம் ஒழுங்காக ஓடாது, குளிராது. நிறுத்தியதும் முதல் வேலையாக மட்டம் பார்ப்பது இதற்காகத்தான். கேஸில் ஓடும் சாமான்கள் இருப்பதால் ரப்பர் குழாயில் அச்சிட்ட தேதியைப் பார்த்துக் காலாவதி ஆகும் முன் மாற்றுவதும், கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் கட்டாயம். கடும் குளிரில் பியூட்டேன் உதவாது. சுழிய டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே அது வாயுவாக மாறாது. புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்.

மின்சாரத்தில்தான் நான் அதிகம் கை வைத்திருக்கிறேன். பழைய பல்புகளை எடுத்துவிட்டு அதே விளக்குக் கூடுகளில் எல்.இ.டி. போட்டேன். ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் வைத்தேன். அதை மட்டும் மாற்றினால் போதாது. பழைய சார்ஜரின் வோல்டேஜ் ஈயத்துக்கு அமைத்தது. தவிர, லித்தியம் கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் இழுக்கும், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் சூடேறித் திணறும். இடையில் டி.சி. டு டி.சி. சார்ஜர் வைத்து, போகும் மின்னோட்டத்துக்கு எல்லை போட்ட பிறகுதான் ஓட்டினேன். கழற்றிய சார்ஜர், ரிலே, பல்பு எல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எந்த மாற்றத்தையும் இந்த வண்டியில் செய்வதில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்தத் தலைமுறை வண்டிகள் இப்போதுதான் எல்லைக் கோட்டைத் தாண்டுகின்றன. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது, சரித்திரப்படி சரியான நிலை, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதது என்று வரையறை வைத்திருக்கிறது. ஜெர்மனியில் 30 வயதும் நல்ல அசல் நிலையும் இருந்தால் பழைய வாகனங்களுக்கான எச் (H) எண் பலகை தருகிறார்கள், பழைய டீசலை அனுமதிக்காத சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் அதைக் கொண்டு போகலாம். பிரிட்டனில் 40 வயதானால் சாலை வரி இல்லை. வயது எல்லா வண்டிக்கும் தானாக வந்துவிடும். அசல் நிலைதான் வராது. இந்த வயது வண்டிகளை வாங்குகிறவர்கள் தேக்கு நிற அலமாரிக்கு வெள்ளை அடித்து, பூப்போட்ட வெல்வெட்டைக் கிழித்துவிட்டுச் சாம்பல் துணி போடுகிறார்கள். அவரவர் விருப்பம், சரி. ஆனால் தொடாமல் விட்ட உட்புறம் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகிறது. 1973 முதல் 1978 வரை சுமார் 13,000 மட்டுமே வந்த அமெரிக்க வண்டியான ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் இன்றும் ஓடுவதற்குக் காரணம், அதன் வடிவத்தின் மேல் ஆசை வைத்த உரிமையாளர்கள் சேர்ந்து பாகங்களைப் புதிதாகச் செய்ய வைத்ததுதான். பி 544க்கும் அப்படி ஒரு கூட்டம் சேரும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

விலை ஏறும் என்று மட்டும் எண்ணி வாங்காதீர்கள். டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படும் பட்டன் புதிதாகத் தெரியும், பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படித்தால் கதை வேறு. 2316 என்றால் 2016ன் 23வது வாரம். வண்டி ஓடாமலே அது மாற்ற வேண்டிய வயதுக்கு வந்துவிட்டது. எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ, மொத்த எடைக்கான 3.5 டன் எல்லை நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும். ஓடாமல் மூடி வைத்தால் பிரேக்கும் சீல்களும்தான் முதலில் கெடும். அதனால் என் வண்டி மாதம் ஒரு தடவையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் தூரத்துக்குப் போய் வருகிறது.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு உபரி முன்கண்ணாடி. முகப்பு வேனுடையது இல்லை என்பதால் டுகாட்டோ கண்ணாடி இதற்குப் பொருந்தாது. ஒரு கல் தெறித்தால் மாதக்கணக்கில் வண்டி நிற்க வேண்டி வரும். கிடைத்தால் வைக்க, வீட்டில் இடம் அளந்துவிட்டேன். நெட்டுக்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் நுரைப் பலகை கொடுத்தால் உட்கார்ந்துவிடும்.