நின்று நின்று ஓடிய ஃபேர்னஸ்: ஸ்காபரோவில் ஒரு திருத்தச் சேவை

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் முற்றாக நின்றுபோனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. சில நிமிடங்கள் ஓடி, நின்று, தானாகவே மறுபடி தொடங்கி, மீண்டும் நிற்கும் ஃபேர்னஸ்தான் வீட்டுக்காரரையும் திருத்த வருபவரையும் ஒருங்கே அலைக்கழிக்கும். கனடாவின் ரொறன்ரோ நகரில், எங்கள் ஸ்காபரோ வீட்டில் கடந்த தை மாதம் ஏற்பட்ட அத்தகைய கோளாற்றைத் தீர்த்துத் தந்த, தமிழர் ஒருவர் நடத்தும் சிறிய நிறுவனத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன்.

இவர்களுக்கு முன்னர் வேறொரு நிறுவனத்தை அழைத்திருந்தோம். வந்தவர் கட்டுப்பாட்டுப் பலகையில் சிறு விளக்கு மூன்று முறை மின்னுவதைப் பார்த்தார். கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டவணையில் அதற்கு நேரே பிரஷர் சுவிட்ச் என்று இருந்தது. சுவிட்சை மாற்றிவிட்டுப் போய்விட்டார். சில நாட்கள் வீடு கதகதப்பாக இருந்தது. பிறகு பழைய கதைதான்.

இரண்டாவதாக வந்த தம்பி எதையும் உடனே கழற்றவில்லை என்பதுதான் முதலில் என்னைக் கவர்ந்தது. மூடியை அகற்றி, கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தானை அழுத்தி நாடாவால் ஒட்டிவிட்டு, கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்து, ஃபேர்னஸ் தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில்தான் நோயின் அடையாளம் இருக்கிறது என்றார். தேர்மோஸ்டாற் வெப்பம் கேட்டதும் முதலில் எரிபுகையை வெளியே இழுக்கும் சிறு மோட்டர் சுழல வேண்டும். அந்த இழுவை போதுமானது என்று பிரஷர் சுவிட்ச் உறுதிசெய்த பின்னரே தீமூட்டி செந்தணலாகி எரிவாயு வால்வு திறக்கும். சுடர் உண்மையில் எரிகிறது என்பதை, சில மைக்ரோ அம்பியர் அளவேயான மின்னோட்டத்தைக் கொண்டு சுடர் உணரி அறிந்த பின்னர்தான் வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் பெரிய விசிறி ஓடத் தொடங்கும். சுடர் பற்றிய சில விநாடிகளிலேயே அணைந்தால் பெரும்பாலும் அழுக்குப் படிந்த உணரியைச் சந்தேகிக்கலாம். நன்றாகச் சூடேறிய பின் சுடர் அணைந்து, விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அடைபட்ட ஃபில்ரர் காரணமாக, அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் சுடரை நிறுத்தும் வெப்ப எல்லைச் சுவிட்ச் திறந்திருக்கலாம். எங்களுடையது இரண்டு வகையிலும் சேரவில்லை. ஏறக்குறைய பத்து நிமிடங்கள் எரிந்து நின்றது, பலகையின் விளக்கு மறுபடி மூன்று முறை மின்னியது.

அளவுமானியை இணைத்து இழுவையை அளந்து, சுவிட்சில் அச்சிட்டிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். தொடக்கத்தில் சரியாக இருந்த இழுவை, ஃபேர்னஸ் ஓட ஓடக் குறைந்துகொண்டே வந்தது. "அண்ணை, சுவிட்ச் பழுதில்லை, அது தன்ர வேலையைத்தான் செய்யுது" என்றார்.

விடயம் தண்ணீரில் இருந்தது. கனடாவில் 2019 ஜூலை 3 முதல் தயாராகும் வீட்டு எரிவாயு ஃபேர்னஸ்களுக்குக் குறைந்தது 95 வீத வினைத்திறன் கட்டாயம். எங்களுடையதும் அந்த வகைதான். எரிபுகையிலிருந்து அவ்வளவு வெப்பத்தை உறிஞ்சும்போது அதிலுள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. கடுங்குளிரில் நாளொன்றுக்குப் பல லீற்றர் அளவில் சேரக்கூடிய அந்தத் தண்ணீர் ஒரு வளைகுழிப் பெட்டி வழியாகத் தரையிலுள்ள வடிகாலுக்குப் போக வேண்டும். அந்தப் பெட்டியைக் கழற்றிக் காட்டியபோது உள்ளே பழுப்பு நிறத்தில், அவித்த சவ்வரிசிபோலக் கொழகொழவென்று ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. வடிய வழியில்லாத நீர் மேலே தேங்கி, புகை போகும் வழியை நெருக்கி, இழுவையைக் குறைத்தது, சுவிட்ச் திறந்தது, ஃபேர்னஸ் நின்ற பின் நீர் மெல்லக் கசிந்து இறங்க, மறுபடி எல்லாம் சரியானதுபோல ஓடியது. முதலாமவர் சுவிட்சை மாற்றியபோது ரப்பர் குழாய்களைப் பிடுங்கிப் பூட்டியதில் தேங்கிய நீரில் ஒரு பகுதி வெளியேறியிருக்க வேண்டும் என்றும், அந்தச் சில நாள் நிம்மதி அதனால் வந்ததே தவிரப் புதிய சுவிட்சால் வந்ததல்ல என்றும் அவர் விளக்கினார். நாங்கள் அந்தச் சுவிட்சுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பெட்டியை வெந்நீரில் கழுவி, தொய்ந்து கிடந்த வடிகுழாயைச் சரிவாக மாற்றிக் கட்டி, போகிற போக்கில் சுடர் உணரியையும் மெல்லிய எஃகுப் பஞ்சால் துடைத்துவிட்டார். புதிய உதிரிப்பாகம் ஒன்றைக்கூட விற்கவில்லை. ஒன்ராறியோவில் எரிவாயு வேலை செய்பவர்களுக்கு மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ. வழங்கும் சான்றிதழ் இருக்க வேண்டும். கேட்பதற்கு முன்னரே அந்தச் சான்றிதழில் ஒரு தரமான ஜி2வுக்குரிய தன் அட்டையை எடுத்துக் காட்டியதும் நம்பிக்கை தந்தது.

குறைகள் சிறியவையல்ல. காலையில் வருவதாகச் சொன்னவர் பிற்பகலில்தான் வந்தார். இடையில் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை. சனிக்கிழமைக்கு மேலதிகக் கட்டணம் உண்டென்பதை வேலை முடிந்த பின்னரே சொன்னார்கள். கையெழுத்தில் கிடைத்த பற்றுச்சீட்டில் "ஃபேர்னஸ் திருத்தம்" என்ற ஒரே வரிதான் இருந்தது. என்ன கோளாறு, இழுவையின் அளவு என்ன என்பவை எழுதப்படவில்லை. நாளைக்கு வேறொருவர் வந்து பார்க்க நேர்ந்தால் அந்தச் சீட்டால் ஒரு பயனும் இல்லை. எரிபுகையோடு தொடர்புள்ள கோளாறாக இருந்தும், வீட்டின் கார்பன் மொனொக்சைட் அலாரத்தை அவர் பார்க்கவோ அதைப் பற்றிக் கேட்கவோ இல்லை. வேலைத்திறன் இவ்வளவு உள்ளவரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாதாந்தம் பணம் கட்டும் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றையும் முன்வைத்தார்கள், மறுத்ததும் வற்புறுத்தவில்லை. குளிர் தொடங்குமுன் வளைகுழிப் பெட்டியை ஒருமுறை கழுவித் தருவதற்கு வார நாள் ஒன்றில் அழைப்பதாகவும், கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள்.