உரிமம் கொடுப்பதா, தானே படமெடுப்பதா?

தன் நாயகனைத் திரைக்குக் கொண்டுபோக நினைக்கும் காமிக்ஸ் பதிப்பாளர் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு வழியிலும் நடந்து பார்த்தது அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான மார்வெல்.

பணம்

உரிமம்: கைக்காசு வேண்டாம். 1996-ல் திவால் மனு கொடுத்த நிறுவனத்துக்கு அதுவே பெரிய ஆறுதல். 2000-ல் ஃபாக்ஸ் பட நிறுவனம் எக்ஸ்-மென்னையும், 2002-ல் சோனி ஸ்பைடர்-மேனையும் படமாக்கின. லாபத்தில் பெரும்பங்கும் அவர்களுக்கே.

சொந்தத் தயாரிப்பு: 2005-ல் மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கி வழியாக 52.5 கோடி டாலர் கடன். கேப்டன் அமெரிக்கா உட்பட பத்துத் தலைப்புகளின் பட உரிமை ஈடு. துணிச்சல்தான்! 2008-ல் அயர்ன் மேன் ஓடியது. மறு ஆண்டே சுமார் 400 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்க முன்வந்தது.

கதைமீது பிடி

எனக்கு இதுவே முக்கியம். காமிக்ஸில் ஸ்பைடர்-மேனும், அயர்ன் மேன் போன்ற நாயகர்கள் சேர்ந்த அவெஞ்சர்ஸ் குழுவும் ஒரே நியூயார்க்கில் உலவுகிறார்கள். உரிமம் பிரிந்து கிடந்ததால், திரையில் அவர்கள் சந்திக்க 2015-ல் சோனியோடு தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது. கையில் இருந்த நாயகர்களை மட்டும் படம் படமாக வளர்த்து 2012-லேயே ஒன்றுசேர்க்க முடிந்தது.

மீட்பு

உரிமம்: குறித்த காலத்தில் படமெடுக்காவிட்டால் திரும்பிவிடும் என்ற நிபந்தனை அவசியம். மார்வெலின் இன்னொரு நாயகனான டேர்டெவில் அப்படித்தான் ஃபாக்ஸிடமிருந்து வந்து, 2015-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடரானது.

முதலீடு இல்லாத சிறு பதிப்பாளருக்கு, காலக்கெடு போட்ட உரிமமே சரி. பல நாயகர்கள் ஒரே உலகில் வாழும் கதைகள் என்றால், கடன் வாங்கியாவது சொந்தமாக எடுக்கலாம்.