ஐ5 என்று சொல்லி 2011 சிப்பைத் தலையில் கட்டுகிறார்கள், தஞ்சாவூர் பக்கம் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கவனிக்கவும்

குறுவை நெல் போட்ட பணம் கைக்கு வரும் நேரம் பார்த்து "ஐ5, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, மானிட்டரோடு இருபதாயிரத்துக்குள்" என்று எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் சுற்றுகிறது. நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் இதை நம்பி தஞ்சாவூர் கடை ஒன்றில் 18,500 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அக்கா மகள் பிசிஏ படிக்கிறாள், அவளுக்காக. "நாலு வருஷம் படிப்புக்குத் தாங்குமா தம்பி?" என்று அத்தான் தெளிவாகவே கேட்டிருக்கிறார். "புது மாடல்ணே, விண்டோஸ் 11 போட்டே தர்றோம்" என்று பதில் வந்திருக்கிறது.

கேபினட் மட்டும்தான் புதுசு. கண்ணாடிக் கதவு, கலர் லைட் எல்லாம் உண்டு. உள்ளே இருக்கும் சிப், அதாவது பிராசஸர், ஐ5-2400, இன்டெல் 2011 ஜனவரியில் வெளியிட்டது. சிப்பைப் பொருத்தும் மதர்போர்டு எச்61 வகை. அதில் ராம் போட இரண்டே இடம், அதுவும் டிடிஆர்3 என்ற பழைய வகை ராம்; எஸ்எஸ்டியை இணைக்கும் சாட்டா வழி பழைய வேகம் என்பதால் எஸ்எஸ்டி போட்டாலும் அதன் முழு வேகம் கிடைக்காது. யூடியூபில் இப்போது வரும் வீடியோ வகைகளை விரித்துக் காட்ட அந்த சிப்பில் தனி வசதி கிடையாது, எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது, அதனால் பாட வீடியோ ஒன்றை ஓடவிட்டு பக்கத்தில் புரோகிராம் எழுத உட்கார்ந்தால் பிள்ளைக்கு மெஷின் திணறுகிறது.

பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதும் சரியில்லை. போர்டில் சிப் உட்காரும் அந்த சாக்கெட்டில் இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை சிப்புகள் மட்டும்தான் உட்காரும். புது போர்டு வாங்கினால் இந்த ராம் அதில் பொருந்தாது. போர்டு, சிப், ராம் மூன்றையும் மறுபடி வாங்க வேண்டும், அப்படியென்றால் கொடுத்த பணத்தில் மிஞ்சுவது என்ன?

விண்டோஸ் 11 விஷயம்தான் எனக்கு ஆத்திரம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இவர்கள் அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய மெஷின்களை அலுவலகங்கள் கழித்துக் கட்ட அது ஒரு காரணம். பழையதை பழையது என்று சொல்லி ஐயாயிரத்துக்கு விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை, டைப் அடிக்கவும் பில் போடவும் அது போதும். புதுசு என்று சொல்லி படிக்கிற பிள்ளைக்கு விற்பது ஏமாற்று வேலை.

ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 4570 நான்கு, 8500 எட்டு, ஐந்து இலக்கமாக 10400 என்றிருந்தால் பத்து. ஐ7-860 என்று மூன்றே இலக்கம் இருந்தால் அது முதல் தலைமுறை, 2009-ல் வந்தது, ஐ7 என்ற பேரைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் சிப்பின் முழுப் பேரும் தெரியும். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றால் அதன் எண்ணையும் கேளுங்கள். இதில் இருந்த ஜிடி 610 வகைக்கு அதைத் தயாரித்த என்விடியா புது டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை 2018-லேயே நிறுத்திவிட்டது.

அப்புறம் பில். அத்தானுக்குக் கொடுத்தது "ஐ5 கம்ப்யூட்டர் செட்" என்று எழுதிய எஸ்டிமேட் சீட்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. சிப்பின் முழு எண், போர்டு, ராம் வகை மூன்றையும் பில்லில் எழுதாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, பாதிப் பணம் தருகிறோம் என்கிறார்கள். அத்தான் மறுத்துவிட்டார். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, டாஸ்க் மேனேஜர் படம், வாட்ஸ்அப் விளம்பரம் நான்கையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரி செட் வாங்கியவர்கள் அந்த விளம்பரத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.