பிரேக் பேடும் டிஸ்க்கும் எவ்வளவு காலம் உழைக்கின்றன: ஒரே காரில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது

பிரேக் பிடிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி உராய்வது பிரேக் பேடு. அது எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, 40,000 முதல் 1,00,000 வரை என்பதுதான். இவ்வளவு அகன்ற கணக்கை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திட்டமிட முடியாது. பெட்ரோல் கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி, டயர்களை முன்பின் மாற்றிப் போடும் ஒவ்வொரு முறையும் பேடின் தடிமனை அளந்து குறித்து வருகிறேன். அந்தக் குறிப்புகளின்படி, ஓடோமீட்டரை விட மில்லிமீட்டரையே நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடிய காலத்தில் முன்சக்கரப் பேடுகள் ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் வந்தன. அதே கார் நகர நெரிசலுக்குள் ஓடத் தொடங்கிய பிறகு, அதே வகைப் பேடுகள் 35,000ஐ ஒட்டியே தேய்ந்து முடிந்தன. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. ஆகவே பின்சக்கரப் பேடுகள் அவற்றை விட நெடுங்காலம் நின்றன. வேகம் இரட்டித்தால் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதால், தொலைவிலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு பெடலை மிதிக்கும் பழக்கம் பேடின் ஆயுளைக் கூட்டுவதை என் அளவுகளிலேயே கண்டேன்.

புதிய பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் நான் காத்திருப்பதில்லை. பின்னால் உள்ள இரும்புத் தகட்டை இந்த அளவில் சேர்க்கக் கூடாது. சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் வெளிப்பக்கப் பேடு மட்டுமே தெரியும் என்பதும் முக்கியம். ஒரு முறை வெளிப்பேடு நல்ல தடிமனுடன் இருக்க, உட்பேடு மட்டும் பாதியாகத் தேய்ந்திருந்தது. பேடுகளைப் பிடித்து டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் என்ற பாகம் நகர்வதற்கான உலோக ஊசிகள் (பின்கள்) இறுகிப்போனதே காரணம். அவற்றைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் தடவிய பிறகு இரு பக்கமும் ஒரே சீராகத் தேய்கின்றன. பல பேடுகளில் எச்சரிக்கைக்காகச் சிறு உலோக நாக்கு ஒன்று இருக்கும். அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும் வரை விட்டுவைப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் எல்லாப் பேடுகளிலும் அது இருப்பதில்லை.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, பேடு மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புதிதில் 22 மில்லிமீட்டர் உள்ள டிஸ்க்குக்கு அது 20 என இருக்கலாம், அதாவது தேய அனுமதி இரண்டே மில்லிமீட்டர். ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பைத் தவிர்த்து, பேடு உரசும் பரப்பில் பல இடங்களில் மைக்ரோமீட்டர் என்ற நுண் அளவுகருவியால் அளக்க வேண்டும். என் காரில் முதல் டிஸ்க்குகள் இரண்டு தொகுதிப் பேடுகளைத் தாங்கின. மூன்றாவது தொகுதியோடு அவற்றையும் மாற்றினேன்.

பிரேக் பிடிக்கையில் பெடல் துடித்தால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவன்று. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் நுண்ணிய அளவில் மாறுபடுவதே. டிஸ்க்கும் சக்கரமும் பொருத்தப்படும் ஹப்பில் படிந்த துரு, சமமின்றி முறுக்கப்பட்ட சக்கர நட்டுகள், பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டுதல் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. அதனால் புதிய பேடு போட்டவுடன், ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து முழுதாக நிற்காமல் வேகத்தைப் பல முறை குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும்படி பதப்படுத்துகிறேன். இதைச் செய்த பிறகு துடிப்பு வந்ததே இல்லை.

பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்வதால், பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் மெல்ல இறங்கும். அப்போது உடனே ஊற்றி நிரப்பாமல் முதலில் பேடைப் பார்க்க வேண்டும். நிரப்பி வைத்தால், புதிய பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்டை அரித்துவிடும்.