டிரை பிரஷ் ஓவியம் கேட்டேன், பிரின்ட் வந்தது

அப்பாவின் பழைய கருப்பு வெள்ளைப் புகைப்படத்தைக் கொடுத்து, டிரை பிரஷ் முறையில், அதாவது கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால், ஆயில் பெயின்ட் கொண்டு தாளில் வரைந்து தரச் சொல்லியிருந்தேன். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட ஓவியர் அனுப்பியது, போட்டோவைப் பிரின்ட் எடுத்து மேலே கொஞ்சம் பெயின்ட் தடவிய படம். இதே மாதிரி ஆர்டர் கொடுக்க நினைப்பவர்கள் உஷாராக இருங்கள்.

முதல் பார்வையில் ஒன்றும் தெரியாது. ஆயில் வாசனைகூட அடித்தது. கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பொடிப் புள்ளிகள்! கலர் பிரின்டர் சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் கலந்து உண்டாக்கும். கருப்பு வெள்ளை டிரை பிரஷ் படத்தில் கருப்பு ஒன்றுதான். பெயின்ட்டைத் துளி தொட்டு, வேறு தாளில் தேய்த்துக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கிய பிறகுதான் பிரஷ் முகத்துக்கே வரும். தாளின் மேடுகளில் கருப்பு ஏறும், பள்ளங்கள் வெளுத்தே நிற்கும்.

டிரை பிரஷ்ஷில் முடியின் பளபளப்பை ரப்பரால் அழித்து எடுப்பார்கள். பெயின்ட் அவ்வளவு மெல்லிசு. இங்கே வெள்ளை ஜெல் பேனாவால் கோடு இழுத்திருந்தார். கண்மணியில் இருக்கும் வெளிச்சப் புள்ளியும் அதே பேனாதான்.

நிஜமாகப் பெயின்ட் பட்ட ஒரே இடம் தலைமுடி, அதிலும் எண்ணெய் அதிகம். போகப் போகத் தலையைச் சுற்றி மஞ்சள் வளையம் கிளம்பியது, சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் ஊறியிருக்கிறது. ஆயில் பெயின்ட்டில் வழக்கமாக இருக்கும் ஆளி விதை எண்ணெய் நாளடைவில் தாளின் நாரை அரித்து, நொறுங்க வைத்துவிடும். அதனால்தான் இந்த முறை தெரிந்தவர்கள் எண்ணெயில் அத்தனை கஞ்சத்தனம் காட்டுவார்கள்.

கேட்டதற்கு, "சார், இது மிக்ஸட் மீடியா, இப்ப எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்றார். பல பொருள்களைக் கலந்து செய்த படமாம். சரி, அதைச் சொல்லியே விற்கலாமே! புள்ளிகளைப் படமெடுத்து அனுப்பினேன்; அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் போனது போனதுதான்.

இனி யாரிடம் கொடுத்தாலும் பாதிப் பணத்துக்கு மேல் முன்கூட்டித் தராதீர்கள். வெறும் தாளில் பென்சில் கோடு மட்டும் இருக்கும்போது ஒரு வீடியோ, ஒரு கண் முடிந்து மறு கண் வெறுமையாக இருக்கும்போது இன்னொன்று கேளுங்கள். போட்டோ போதாது, முடிந்த படத்தை கம்ப்யூட்டரில் பாதி அழித்து, வரைந்துகொண்டிருப்பது போலக்கூட அனுப்பலாம். இவரும் நிறைய வீடியோ போட்டிருந்தார். எல்லாவற்றிலும் பிரஷ் ஆடியது ஏற்கெனவே முடிந்துபோன முகத்தின் மேல்தான்.